அம்மா தாங்கும் சூடு

அம்மா திருகோணமலையில் செத்துப்போன வருடம் போர் மறுபடி மூண்டிருந்தது. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் என்னோடு இருந்த அப்பாவிடம் அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இலங்கைக்கு மட்டும் போக முடியாது. அந்தச் சட்டத்தை எழுதியவனுக்குப் பெண்சாதி இருந்திருக்க மாட்டாள்.

எங்கள் ஊரில் அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில்தான் முடிப்பார்கள். இறந்தவரை நினைத்து அந்தச் சுடுதண்ணீரில் தலைமுழுக வேண்டும். அங்கே ஏழு கிணறுகளும் ஏழு விதமாகச் சுடும். அம்மா எப்போது போனாலும் சூடு குறைந்த கிணற்றை விட்டு அசையமாட்டாள். "இதுக்கு வீட்டிலயே குளிச்சிருக்கலாம்" என்று அப்பா பகிடி பண்ணுவார்.

"இந்தப் பக்கம் எங்கயாவது திறந்த வெளியில சுடுதண்ணி ஊத்து இருக்கோ பிள்ளை?" என்று அவர் ஒவ்வொரு நாளும் கேட்கத் தொடங்கினார். பிரான்சில் எரிமலைகளுக்கு நடுவே ஒரு மலையூற்று இருப்பதாக அறிந்தேன். எரிமலை என்றால் தண்ணீர் கொதிக்காமல் வேறென்ன செய்யும்? சுடுமா என்று நானும் விசாரிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனோம்.

ஊற்று அழகாகத்தான் இருந்தது. கறுத்த பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் குமிழியிட்டு வந்தது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் போத்தல்களில் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியோடு குனிந்து கையை வைத்தார். உடனே இழுத்துக்கொண்டார்.

"ஐஸ் மாதிரிக் கிடக்கு."

நானும் தொட்டேன். விரல் விறைத்தது. இந்த எரிமலை அணைந்து எத்தனையோ யுகமாகிவிட்டது என்று அந்தக் குடும்பத்துத் தகப்பன் சிரித்தபடி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மலையையே உதைத்திருப்பேன். அப்பா மெல்லச் சட்டையைப் போட்டுக்கொண்டார். எங்கள் குடிதண்ணீர்ப் போத்தலைக் காலியாக்கி ஊற்றில் நிரப்பினார். லண்டன் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தண்ணீரைக் கேத்திலில் ஊற்றிக் கொதிக்க வைத்தார். செம்பில் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தலையில் ஊற்றப்போனவர், புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறுப்பம் பிள்ளை. கொம்மா இந்தச் சூடு தாங்கமாட்டா."

தண்ணீர் ஆறும்வரை இரண்டு பேரும் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் அதைத் தலையில் ஊற்றிக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.