மகரம் பதினெட்டும் தை பதினெட்டும்

போன சனிக்கிழமை காட்டுக்குப் புறப்பட்டோம். காட்டுக்குள் ஓரடிகூட வைக்காமல் திரும்பினோம். நாலு நாளாகியும் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் இந்த வாரம் பத்தி வராது... எழுதிவிடுகிறேன்.

யாருக்காகப் புறப்பட்டோம்? லாசருக்காக. குளச்சல்காரர், என் நெடுநாள் சிநேகிதர். மீசை முளைக்கும் முன்பே வள்ளம் ஏறியவர். இப்போது தலை முழுக்க வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் பயணம். மகன் அங்கே கடை வைத்திருக்கிறான், இனி அவனோடுதான். போகுமுன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணாச்சி, நடுக்கடல்ல நின்னு அந்த மலை உச்சியப் பாத்துத்தான் மீன் கெடக்க எடம் புடிப்போம். கரைக்கு வழியும் அதுதான். இத்தன வருசம் வழி காட்டின மலைய ஒருக்காகூடத் தொட்டுப் பாத்ததில்ல. கூட்டிட்டுப் போறியளா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஏற்பாடு தொடங்கியது. என் மைத்துனர் தாணுவும் சேர்ந்துகொண்டார். அவருக்கு ஏற்பாடு என்றால் சாப்பாடு. புளிச்சாதமா, தயிர்ச்சாதமா? இரண்டுமா? நேந்திரங்காய் வறுத்த உப்பேரி எவ்வளவு? இதற்கே மூன்று மாலைகள் போயின. உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து ஆளுக்கொன்று கொடுத்தது நான்தான். காலில் ஏறும் அட்டைக்கு வேறு மருந்து இல்லை.

"சுறா தொடாத காலு இது. அட்டையா வந்து கடிக்கப் போவுது?" என்றார் லாசர்.

"அட்டைக்கு உம்ம பேரு தெரியாதே ஓய்!" என்றார் தாணு.

பாஸ் வாங்குவது என் பொறுப்பு. மலை நிற்பது சர்க்கார் காட்டில் அல்லவா? ஆபீசுக்கு மூன்று முறை போனேன். முதல் நாள் ஆபீசர் இல்லை. இரண்டாம் நாள் ஆபீசர் இருந்தார், சீல் இல்லை. மூன்றாம் நாள் கிடைத்தது. மனுவில் 'தை 18' என்று தெளிவாக எழுதியிருந்தேன். கிழமை எழுதவில்லை – தேதி இருக்கும்போது கிழமை எதற்கு? குமாஸ்தா பாஸில் 'மகரம் 18' என்று எழுதிக் கொடுத்தார். சர்க்காருக்கு மலையாள மாதக் கணக்கு; அதில் மகரம் என்றால் தை. எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் படிப்பார்கள். தினமும் டைரியில் இங்கிலீஷ் தேதியும் தமிழ்த் தேதியும் எழுதுகிற நானும் அப்படித்தான் படித்தேன்.

முதல் பஸ்ஸில் பூதப்பாண்டி. அங்கிருந்து மாட்டுவண்டி. தடைக்கம்பின் முன் இறங்கினோம். காவலர் பாஸை இரண்டு முறை படித்தார்.

"இது நாளைக்கு உள்ள பாஸாக்கும்."

"இன்று பதினெட்டு" என்றேன்.

"தை பதினெட்டு. மகரம் இன்னைக்குப் பதினேழுதான்."

தமிழ் மாதமும் மலையாள மாதமும் எப்போதும் ஒரே நாளில் பிறப்பதில்லை. இந்த முறை மகரம் ஒரு நாள் பிந்திப் பிறந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாததா? தெரியும். பார்க்கவில்லை. சரி, என் தவறு. ஆனால் தை என்று எழுதிக் கொடுத்ததை மகரம் என்று மாற்றிய குமாஸ்தாவுக்குத் தேதியையும் மாற்றவேண்டும் என்று தெரியாதா? மாதத்தை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு நாளை அப்படியே விட்டுவிடுவதா? அதற்கு ஒரு சீல் வேறு!

காவலரின் குடிசைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. லாசருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். விரலால் காட்டினார்.

"மக்கா, ஒனக்க சுவத்துலயே பதினெட்டுண்ணு கெடக்கே?"

"அது ஜவுளிக்கடைக்காரன் குடுத்தது பாட்டா. சர்க்கார் குடுத்ததில்ல."

"நாங்க மூணு பேரு. மலையத் தொட்டுட்டு வந்திருவோம்."

"நாளைக்கு வாங்க. நானே கம்பைத் தூக்கி விடுதேன்."

"நாளைக்கு நான் தூத்துக்குடி பஸ்ஸுல இருப்பேன், மக்கா."

காவலர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பு மட்டும் அசையவில்லை. நான் கத்தினேன். சட்டம் பேசினேன். தாணு உப்பேரிப் பொட்டலத்தைக்கூட நீட்டிப் பார்த்தார். லாசர் கம்பில் கைவைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே மரங்கள்... மரங்களுக்குப் பின்னால் மரங்கள்.

"அண்ணாச்சி, இங்கேருந்து மலையே தெரியலியே. கடல்லேருந்துதான் நல்லாத் தெரியும். வாங்க, போவோம்."

திரும்பும் வழியில் புளிச்சாதத்தை யாரும் தொடவில்லை. உப்பு முடிச்சை மட்டும் லாசர் திருப்பித் தரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் மகரம் பதினெட்டு. அந்தக் காவலர் சொன்ன சொல் தவறாதவராகத்தான் தெரிந்தார். கம்பைத் தூக்கிவிடக் காத்திருந்திருப்பார் – அவர் கணக்கில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டரை நம்பி ஒரு நாள் முந்தி வந்துவிட்ட எங்களுக்காக.