கல்பிட்டிக் கோட்டை மதிலிலிருந்து மன்னார் தெரியுமா?

தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை வெளியேற்ற, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கியபோது எனக்கு ஏழு வயது. ஓலைக் கொட்டிலில் நான் ஊரைக் கேட்டு அழும்போதெல்லாம் உம்மா ஒன்று சொல்வார்: "அந்தக் கோட்டை மதில்ல ஏறினா நம்மட ஊரு தெரியும் மகன்." கோட்டையில் அப்போது படை இருந்தது. எங்களுக்கு அதன் வெளிச்சுவர் மட்டும்தான் தெரியும்.

சண்டை முடிந்த பிறகு மன்னாருக்குப் போய்வருவோம் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டுவிட்டேன். "கூரையில்லாத வீட்டப் பாத்து என்ன செய்ய?" என்று உம்மா வாயை அடைத்துவிடுவார். சரி, தூரத்திலிருந்தாவது காட்டுவோம் என்று 2017 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். வரைபடத்தைப் பார்த்தால் எண்பது கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் உம்மா சொன்னதல்லவா, விட மனம் வரவில்லை.

புத்தளத்தில் வேன் பிடித்தோம். நாள் வாடகை எண்ணாயிரம் ரூபாய். சாரதி அன்ரன் அண்ணன், சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர். புத்தி உள்ளவர்கள் நேரே கல்பிட்டிக்குப் போவார்கள், நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். உம்மாவோ முதலில் தெற்கே போக வேண்டும் என்று ஒரே பிடியாய் நின்றார். காலை ஏழு மணிக்கு எதிர்த்திசையில் கிளம்பி, எட்டேகாலுக்கு முன்னேஸ்வரம் கோயிலில் இறங்கினோம். பூசைக் கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் வெளிவீதியைச் சுற்றிப் பார்த்தோம். கோபுரத்தைப் பார்த்தது இருபது நிமிடம், வாசலில் கடலைக்காரியோடு உம்மா கதைத்தது ஒரு மணித்தியாலம்.

வந்த வழியே வடக்கே போய், பாலாவிச் சந்தியில் திரும்பி, பதினொன்றே முக்காலுக்குத் தலவில புனித அன்னம்மாள் கோயில். திருவிழா இல்லாத நாளில் அங்கே மரநிழலும் கடற்காற்றும் மட்டும்தான். கொண்டுபோன சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டோம். பிறகு உம்மா எழும்பவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் இருப்பமே. கோட்டை எங்க ஓடிப்போகுது?"

"உம்மா, நாலரைக்கு மூடிருவாங்க!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டரைக்குத்தான் வேனில் ஏற்ற முடிந்தது.

மூன்று பத்துக்குக் கோட்டை வாசல். கடற்படை முகாம் என்பதால் அடையாள அட்டை காட்டிப் பதிவேட்டில் பெயர், விலாசம் எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தேன். கடற்படைப் பையன் அட்டையையும் பார்த்தான், பதிவேட்டையும் பார்த்தான், சிங்களத்தில் ஏதோ கேட்டான்.

அன்ரன் அண்ணன் சிரித்தார். "தம்பி, கார்ட்டில புத்தளம் எண்டு இருக்கு. நீங்க மன்னார் எண்டு எழுதி வச்சிருக்கிறீங்க."

எங்கள் ஆட்களில் பலரும் செய்கிற பிழைதான். திடீரென்று விலாசம் கேட்டால் கை அங்கேதான் போகும். என் கையாலேயே மன்னாரை வெட்டிப் புத்தளம் என்று எழுதினேன்.

இடிந்த தேவாலயம், பழைய சிறைக்கூடு எல்லாவற்றையும் அந்தப் பையனே கூட்டிப்போய்க் காட்டினான். ஒல்லாந்தர் கட்டியது. சுவரில் முருகைக்கல், அதாவது பவளப்பாறை, பளிச்சென்று தெரிகிறது. எனக்கு அதிலெல்லாம் மனமில்லை. மதிலில் ஏறி, வடக்கு எந்தப் பக்கம் என்று சைகையில் கேட்டேன். கையை நீட்டிக் காட்டினான்.

தண்ணீர். ஒன்றிரண்டு தோணி. அதற்கு அப்பால் வெறும் புகைமூட்டம். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது.

"ஒண்டும் தெரியல்ல உம்மா."

"தெரியாது மகன். நான் எங்க ஏறிப் பாத்த? நீ ராவெல்லாம் அழுத. அதுக்குச் சொன்னது."

தெற்கே போனதும் கடலைக்காரியும் மரநிழலும், மதிலுக்கு வந்து சேராமலிருக்க உம்மா நேரம் கடத்தியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு கேட்டேன்: "நீங்க அழுதா, உங்களுக்கு யாரு சொன்ன?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லயில்ல."

சொல்லிவிட்டு உம்மா வடக்கைப் பார்த்தபடியே நின்றார். பையன் இரண்டு தரம் மணிக்கூட்டைக் காட்டினான். நான் அவசரப்படுத்தவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: அடையாள அட்டை கட்டாயம், அதிலுள்ள விலாசத்தையே எழுதுங்கள். எங்களிடம் கட்டணம் வாங்கவில்லை. படம் எடுக்க முன் கேளுங்கள். மதிற்படியில் கைபிடி இல்லை, வயதானவர்களைப் பிடித்து ஏற்றுங்கள். எங்களைப் போல் தெற்கே போய்த் திரும்பினால் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். மன்னார் தெரியாது. ஆனால் வயதான உம்மாவோ வாப்பாவோ இருந்தால் கூட்டிப்போங்கள், கீழே இறங்க அவசரப்படுத்தாதீர்கள்.

திரும்பும் வழியில் பாலாவிச் சந்தி தாண்டியதும் உம்மா முன் சீற்றில் அன்ரன் அண்ணன் பக்கம் குனிந்தார்.

"தம்பி, மன்னாருக்குப் போக உங்கட வேனுக்கு எவ்வளவு எடுப்பீங்க?"