பாறை இடுக்கில் பிலோமினா அக்கா நின்ற பத்து நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சுவர்த் தொலைபேசி அடித்தது. வழக்கமாக அதை எடுப்பவர் பிலோமினா அக்கா. அன்று அவர் இன்னும் வந்திருக்கவில்லை. நான் எடுத்தேன். மறுமுனையில் அவருடைய கணவர் ஜெரோம்.

"வசந்தா, பிலோ எங்களை விட்டுட்டுப் போயிட்டாள். காலமை கார்க் கதவைத் திறக்கேக்கை விழுந்தவள், எழும்பேல்லை."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். கையிலிருந்த குழாய்க்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி முடித்தேன். அதன் பிறகுதான் நாற்காலியைத் தேடினேன்.

இது நடந்து மூன்று வாரமாகிறது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறை அலமாரியை இரண்டு தடவை அடுக்கிவிட்டேன். காரில் வரும்போது குபெர்டினோவில் இறங்க வேண்டியவள் ஃப்ரீவேயில் இரண்டு எக்ஸிட் தாண்டிப் போய்த் திரும்புகிறேன். துக்கம் மட்டுமென்றால் எனக்குப் புரிந்திருக்கும். இது வேறு.

நம் தமிழ்ச் சங்க மலரில் இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கெட்டித்தனத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு வருடம் பக்கத்து மேஜையில் இருந்தேன். எந்த எண்ணையும் இரண்டு முறை பார்க்காமல் அவர் பதிவேட்டில் எழுதியதில்லை. ஒருமுறை அமெரிக்க மேலதிகாரி அவசரப்படுத்தினார். அக்கா நிமிராமலே, "அவசரமெண்டால் நீங்களே ஒரு நம்பரைச் சொல்லுங்கோ, எழுதிறன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து அழகாகச் சிரித்தார். புதிதாக வருபவர்களுக்கு அவர் சொல்லும் விதி ஒன்றுதான்: "பாராததை எழுதப்படாது. பார்த்ததை எழுதாமல் விடவும் படாது."

இரண்டு வருடத்துக்கு முந்தைய வசந்தகாலத்தில் நாங்கள் சங்கத்துக்காரர்கள் பதினோரு பேர் வேன் பிடித்து யூட்டா பாலைவனத்துக்குப் போனோம். மணற்பாறைகளுக்கு நடுவே ஆள் தோளளவே அகலமுள்ள இடுக்குகள். அவற்றினூடே வழிகாட்டியோடு ஆறு மணிநேர நடை. புறப்படுமுன் வழிகாட்டி மார்ஜ் ஆளுக்கொரு படிவம் தந்தார். அறுபதை நெருங்கும் மெலிந்த பெண். நிதானமாகப் படித்து எழுதச் சொன்னார். உடல்நலம் பற்றி எட்டுக் கேள்விகள். எங்கள் கூட்டம் ஒரு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டது. விசா, கிரீன் கார்டு, குடியுரிமை என்று எத்தனையோ படிவங்களில் மேலிருந்து கீழ்வரை 'இல்லை' என்று குறித்து இந்த நாட்டுக்குள் வந்தவர்கள் நாங்கள். கேள்வி எதுவானாலும் பதில் கைக்குத் தெரியும்.

அக்காவின் பேனா மட்டும் நான்காம் கேள்வியில் நின்றது. நடக்கும்போது நெஞ்சுவலி உண்டா என்பது கேள்வி. பிறகு அதுவும் 'இல்லை'யில் இறங்கியது. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். கேட்கவில்லை.

உள்ளே போகப் போக இரு பக்கச் சுவரும் நெருங்கின. சிவப்புப் பாறை, தண்ணீர் அரைத்து வழவழப்பாக்கியது. அண்ணாந்தால் வானம் ஒரு நாடா. தலைக்கு மேல் இருபதடி உயரத்தில் ஒரு மரக்கட்டை செருகிக் கிடந்தது. வெள்ளம் கொண்டுவந்து வைத்தது என்றார் மார்ஜ். எங்களோடு வந்த ராமநாதன் அங்கிள் வயிற்றை எக்கிப் பக்கவாட்டில் நகர்ந்தபடி, "இதுக்கு ரங்கநாதன் தெருவுக்கே போயிருக்கலாம். இதே இடிதான், நடுவுல காபியாவது கிடைச்சிருக்கும்" என்றார்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ அங்கிள்" என்றார் அக்கா. "நீங்கள் இறுகினால் பின்னாலை வாற நாங்களெல்லாம் இஞ்சைதான் குடித்தனம்."

இடுக்கில் சிக்கிய பெரிய உருண்டைக் கல்லைக் கயிறு பிடித்து ஏறிக் கடக்க வேண்டும். ஒவ்வொருவராக ஏறி மறைந்தார்கள். கடைசியில் நாங்கள் இருவர். அக்கா சுவரில் சாய்ந்து, இடது கையை நெஞ்சில் அழுத்தி நின்றார். அந்தக் குளிர்ந்த நிழலில் அவர் முகம் வேர்த்திருந்தது.

"என்னக்கா பண்ணுது?"

"ஒண்டுமில்லை. நடந்தால் நெஞ்சை அமத்தும், நிண்டால் போயிடும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மூண்டு மாசம்."

"மார்ஜைக் கூப்பிடறேன்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கூப்பிடாதையும். தங்கச்சிக்கும் பிள்ளையளுக்கும் இஞ்சை வர நான்தான் ஸ்பான்சர். அவையள் யாழ்ப்பாணத்திலை ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்கை படுக்கினம். நான் வருத்தக்காரி, நெஞ்சு நோக்காரி எண்டு ஒரு கடதாசியிலையும் இருக்கப்படாது."

"அக்கா, மலையேறுற ஃபார்முக்கும் இமிக்ரேஷனுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர்கிட்ட போனாக்கூட அவங்களுக்குத் தெரியாது."

"நீர் படிச்சனீர், உமக்குச் சம்பந்தம் வேணும். நான் கடதாசியளுக்குப் பயந்து இருந்தனான். பேப்பர் முடியட்டும், அடுத்த நாளே டொக்டரிட்டைப் போறன். ஒருத்தருக்கும் சொல்லாதையும். ஜெரோமுக்கும்."

பத்து நிமிடம் அப்படியே நின்றோம். மேலிருந்து மார்ஜ் கூப்பிட்டார். அக்கா "வாறம்" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்து எனக்கு முன்னால் ஏறினார். "திரும்பிப் போகேலாத இடத்திலைதான் நான் நல்லா நடப்பன்" என்று மேலிருந்து சிரித்தார். மீதி வழியும் நடந்தார்.

ஊர் திரும்பியபின் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் பேச்சை மாற்றினார். பிறகு நான் கேட்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் பேசாமலிருப்பது மரியாதை என்று வாழ்நாள் முழுவதும் நினைத்து வந்திருக்கிறேன். அதில் எனக்கு வசதியும் இருந்தது.

அடக்கத்தன்று தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்ததும் ஜெரோம் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். "உம்மோடைதானே எங்கையும் திரிஞ்சவள். ஏதும் வருத்தம் எண்டு சொன்னவளோ?"

"இல்லண்ணா" என்றேன். கைக்குத் தெரிந்த பதில் வாய்க்கும் தெரிந்திருந்தது.

அதற்கடுத்த வாரம் வக்கீல் அவரிடம் சொன்னாராம்: விண்ணப்பித்தவர் இறந்துவிட்டால் விண்ணப்பமும் அத்தோடு போயிற்று. தங்கையின் குடும்பத்துக்கு இனி வேறு வழிதான் தேட வேண்டும். எந்தக் காகிதத்துக்காக அக்கா வலியை மறைத்தாரோ, அது அவரோடு சேர்ந்து விழுந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெரோமின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நீர் அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"ஆமாண்ணா."

"தூக்கிக்கொண்டு போயிருப்பன்." எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். "சங்க மலருக்கு அஞ்சலி நீர்தான் எழுதப்போறீராம். நல்லவள், வல்லவள் எண்டு மட்டும் எழுதிப்போட்டு விடாதையும். இதையும் எழுதும்."

எழுதிவிட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய விதியின் இரண்டாம் பாதியை: பார்த்ததை எழுதாமல் விடவும் படாது. முதல் பாதி என் சுபாவத்துக்கு ஒத்தது. பாராத எதையும் நான் நம்பியதுமில்லை, எழுதியதுமில்லை. இரண்டாம் பாதியை அவரும் ஒரே ஒரு படிவத்தில் மீறினார். நான் இரண்டு வருடம் மீறினேன்.

பாறை இடுக்கில் அவர் நெஞ்சில் கை வைத்து நின்றார். நான் பார்த்தேன்.