தெருவைப் பார்க்காத அறை

எங்கள் வீட்டைத் தெருவில் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள். நானும் அந்த வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து ஏமாந்தேன். கீழே பார்த்தால் தமிழ் வீடு. முற்றம், மரத்தூண், ஓட்டுத் தாழ்வாரம். மேலே பார்த்தால் பிரெஞ்சுக்காரன் வீடு. வளைவு வைத்த மூன்று பெரிய ஜன்னல், பச்சைச் சாயம் பூசிய மரக்கதவு, தெருவின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் பலகணி. வெள்ளைக்காரர் ஊரையும் தமிழர் ஊரையும் பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே எங்கள் பக்கத்தில் கையில் நாலு காசு சேர்ந்த குடும்பம் எல்லாம் அந்தக் காலத்தில் இப்படித்தான் கட்டியது. முப்பதுகளில் புதுச்சேரியில் அதுதான் பெருமை.

என் அப்பா பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் உத்தியோகம். தாத்தா காலத்திலேயே சாதி வழக்கமெல்லாம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள். அதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீளும். மேல்மாடி வேலை நடந்துகொண்டிருந்தபோது தினமும் சாயங்காலம் எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டு, "மேஸ்திரி, நடு ஜன்னலு கொஞ்சம் சாஞ்சாப்ல தெரியுதே?" என்பார். "உங்க தலதான் சாஞ்சிருக்கு முசே, ஜன்னலு நேராத்தான் நிக்குது" என்று மேஸ்திரி மேலேயிருந்து பதில் கொடுப்பார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, அப்பாவை ஊரே அப்படித்தான் கூப்பிடும். தெருவே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். கெட்ட மனுஷன் இல்லை அவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் நான் இத்தனை வருஷம் இதை நினைத்துக்கொண்டு திண்டாடியிருக்க மாட்டேன்.

எனக்கு ஒரே அக்கா. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமான வருஷமே அவள் புருஷன் சைகோனுக்கு வேலைக்குப் போனார். அங்கே விஷக்காய்ச்சல் கண்டு, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அக்கா வெள்ளைப் புடவையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். விதவை மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்றது பிரெஞ்சுச் சட்டம். கோயிலில் சாமியாரும் தடை இல்லை என்றார். ஆனால் எங்கள் சாதிக் கிறிஸ்தவர்களில் யாரும் அப்படிச் செய்ததில்லை. ஏன் என்று கேட்டால், "நம்மள்ல இல்ல" என்பார்கள். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் செபமாலை முடிந்ததும் அப்பா நாவல் வாசிப்பார். எல்லோரும் முற்றத்தைச் சுற்றி உட்கார வேண்டும். முத்தியால்பேட்டையில் இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுப்பார். எங்கள் சாதிதான், எங்கள் வேதம்தான். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவர். கேள்வி கேட்டால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அந்த வருஷம் அப்பா வாசித்தது ஓர் இளம் விதவையின் கதை. அவளைப் பெற்றவனே அவளை அறையில் போட்டுப் பூட்டுகிறான். கதை நடுவில் அப்பாவுக்குக் குரல் கம்மிவிடும். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவனெல்லாம் ஒரு தகப்பனா? இவன மாதிரி ஆளுங்களாலதான் நம்ம தேசம் உருப்படாம கெடக்கு" என்பார். அம்மா மூக்கைச் சிந்துவார். அக்கா தூணில் சாய்ந்து தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். வாத்தியார் கண்ணாடியைத் துடைப்பார்.

யார் முதலில் யாரைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பதினாறு வயது, ஊரில் பறக்கிற ஈயைக்கூடக் கணக்கெடுப்பேன், ஆனாலும் இது என் கண்ணில் படவில்லை. ஒருநாள் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அக்காவே சொன்னாள். "வாத்தியாரு என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்றாரு. அவங்க அத்தைய அனுப்பி அப்பாகிட்ட கேக்கப் போறாரு."

எனக்குக் கையில் இருந்த மீன் நழுவிவிட்டது. "சர்வேசுரா! அப்பா ஒத்துக்குவாரா?"

"ஏண்டி ஒத்துக்க மாட்டாரு? அந்தக் கதைக்கே அந்த அழுவ அழுதாரே."

அவள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

அதற்குள் அந்த மாதிரிக் கதையையே வைத்து ஒரு பேசும்படம் ஊருக்கு வந்தது. விதவைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போவது அப்போது சாமானியக் காரியம் இல்லை. அப்பா போனார். "நான் அந்தப் பழைய ஆளு இல்ல, என் பொண்ண கூட்டிட்டுத்தான் போவேன்" என்று எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டே போனார்.

கொட்டகையில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் ஆள் உயரத்துக்குச் சுவர். ஆண்கள் பெரிய தெரு வாசல் வழியாக வருவார்கள். எங்களுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கதவு. விதவையின் கல்யாணத்தைக் காட்டுகிற படத்தை நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பார்த்தோம். அன்றைக்கு எனக்கு அது கொஞ்சமும் வினோதமாகத் தோன்றவில்லை.

படத்தில் தகப்பன் மகளை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற இடம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "அடப்பாவி! கல்நெஞ்சுக்காரா! நீ நல்லா இருப்பியா?" கொட்டகை முழுக்கச் சிரிப்பும் சீட்டியும். அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"அப்பாதாண்டி அது. அப்பா குரலுதான். கேட்டியா?"

கேட்டேன். இருட்டில்கூட அவள் முகம் மலர்ந்திருந்தது தெரிந்தது. புருஷன் செத்த பிறகு அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் வாத்தியாரின் அத்தை வந்தார். வெற்றிலை வாயோடு, கணீரென்று பேசுகிற அம்மாள். அப்பாவிடம் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார். நாங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அப்பா கோபப்படவில்லை. காப்பி கொடுக்கச் சொன்னார். "வீட்டு வேல முடியட்டும். எல்லாத்துக்கும் ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன், பாக்கலாம்" என்றார்.

அக்கா அன்றைக்கு இரண்டு தரம் சாப்பிட்டாள்.

மறுநாளே மேஸ்திரி பின்கட்டில் அஸ்திவாரம் தோண்டினார். கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவில் புதிதாக ஓர் அறை. எங்களுக்கு வேறென்ன தோன்றும்? "மாப்பிள்ள இங்கதான் இருக்கப் போறாரு. முத்தியால்பேட்டயில அவருக்கு இருக்கறது ஒண்டுக்குடித்தனம், அப்பாவுக்குத் தெரியும்" என்றாள் அக்கா. சுவர் எழும்ப எழும்ப, கட்டில் எங்கே போடலாம், புத்தக அலமாரி எங்கே வைக்கலாம் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். மேஸ்திரியிடம் நான் கேட்டேன், "ஜன்னலுக்கு எடம் விடலயே?" அவர் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முசே வேணாம்னுட்டாரும்மா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. என்னோடு வாயாடாத மேஸ்திரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பவும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அறை முடிந்து சுண்ணாம்பு காய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அப்பா எங்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஒரே ஒரு கதவு, குசினிப் பக்கம். எதிர்ச்சுவரில் பெரிய மாதா சுரூபம், கீழே முழந்தாளிட ஒரு பலகை. ஒற்றைக் கட்டில். கூரைக்குக் கீழே காற்று வர ஒரு சாண் அகலத்துக்கு ஓர் ஓட்டை. அவ்வளவுதான்.

"உனக்குன்னே கட்டினேம்மா" என்றார் அப்பா. அவர் குரல் தழுதழுத்தது. "யாரு கண்ணுலயும் பட வேணாம். யாரு பேச்சயும் கேக்க வேணாம். நிம்மதியா செபம் பண்ணலாம். இங்கேந்து கோயில் மணி நல்லா கேக்கும்."

அக்கா நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தாள்.

"ஜன்னலு எங்கப்பா?"

"உனக்கு எதுக்கும்மா தெரு?"

அவர் திட்டியிருந்தால், கையை ஓங்கியிருந்தால் எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. மகளுக்கு நகை செய்துகொண்டுவந்த தகப்பன் மாதிரி ஆசையாக நின்றுகொண்டிருந்தார் மனுஷன்! என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அப்பா, அந்தக் கதயில அவள அறையில பூட்டினதுக்கு நீங்கதான அழுதீங்க? கொட்டாயில கத்தினீங்களே?"

அப்பா என்னை விசித்திரமாகப் பார்த்தார். கோபம்கூட இல்லை. நிஜமாகவே என் கேள்வி அவருக்குப் புரியவில்லை.

"அது கததானேம்மா" என்றார்.

அம்மா எங்கோ பார்த்துக்கொண்டு முந்தானையை முறுக்கினார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அக்கா அழவில்லை. அன்றைக்கே தன் பெட்டியை அந்த அறைக்குக் கொண்டுபோனாள். வாத்தியார் வருவது நின்றது. புத்தகங்கள் மட்டும் வேறு யார் மூலமாகவோ வந்துகொண்டிருந்தன. அப்பா வாசித்தார், அழுதார், தேசத்தைத் திட்டினார். தெருவில் போகிறவர்கள் எங்கள் மேல்மாடியை அண்ணாந்து பார்த்து, முசே எவ்வளவு நாகரிகமான மனுஷர் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த மூன்று ஜன்னலையும் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். இந்த ஊர் தன்னை எப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறதோ அதைத் தெருப்பக்கம் கட்டிவைத்திருக்கிறது, படமாக எடுத்து அழுகிறது. நிஜத்தில் எப்படி இருக்கிறதோ அது கிணற்றடியில் இருக்கிறது. அப்போது எனக்கு இப்படிச் சொல்லத் தெரியாது. பாத்திரத்தைத்தான் நங்கு நங்கென்று வைப்பேன்.

சில மாதம் கழித்து அதே படம் திரும்பி வந்தது. அப்பாவுக்கு ஒரே குஷி. "நல்ல படம், இன்னொரு தரம் பாக்கலாம், கெளம்புங்க" என்றார். அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். தலையை வாரிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். அம்மா எப்போதும் படத்துக்கு வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். நாங்கள் சந்துக் கதவு வழியாகப் போய் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அதே இடம் வந்தது. தகப்பன் கதவைச் சாத்தினான். சுவருக்கு அந்தப் பக்கம் அதே குரல். "கல்நெஞ்சுக்காரா! பெத்த பொண்ணாச்சேடா!" இந்தத் தடவை கூடவே விசும்பலும் கேட்டது.

அக்கா சிரித்தாள். வாய்விட்டு, கொட்டகையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பயந்து அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்தாள்.

"நான் போறேண்டி."

"எங்க?"

"வாத்தியாரோட அத்தை சந்துல வண்டியோட நிக்கறாங்க. அப்பா கேட்டா மறைக்காத, சொல்லிடு."

எழுந்தாள். பெண்கள் யாரும் தடுக்கவில்லை. ஒரு கிழவி காலை மடக்கி வழிவிட்டாள். சின்னக் கதவு திறந்தது, பகல் வெளிச்சம் ஒரு வீச்சு உள்ளே விழுந்தது, மூடிக்கொண்டது. ஆண்கள் பெண்களைப் பார்க்கக் கூடாதென்று கட்டிய சுவர் அது. அதற்கு அந்தப் பக்கம் அப்பா இன்னும் அழுதுகொண்டிருந்தார். திரையில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்து, எல்லோரும் கைதட்டினார்கள்.

பெரிய வாசலில் அப்பா எங்களுக்காக நின்றிருந்தார். கண் சிவந்து, கன்னம் நனைந்திருந்தது. "என்னா படம்! இல்ல? அக்கா எங்கம்மா?"

"போயிட்டாப்பா."

"எங்க?"

"வாத்தியாரக் கட்டிக்க."

அத்தனை ஜனத்துக்கு முன்னால் என்னை அறைந்தார். அதுவரை அவர் என்மேல் கை வைத்ததே இல்லை. அந்தக் கதைப் பெண்ணுக்காக வழிந்த கண்ணீர் அவர் கன்னத்தில் அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் என் பெட்டியும் பாயும் பின்கட்டு அறைக்குப் போயின. இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு அக்காவுக்கு ஓலை வாசித்தார்கள். அப்பா பூசைக்குப் போகவில்லை, எங்களையும் விடவில்லை. அவள் கல்யாணம் விடியற்காலைப் பூசையில் நடந்தது. நான் அந்த ஒற்றைக் கட்டிலின் மேல் ஏறி, ஓட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரு தெரியவில்லை, ஒரு சாண் வானம்தான் தெரிந்தது. ஆனால் அப்பா சொன்னது பொய்யில்லை. அங்கிருந்து கோயில் மணி நன்றாகவே கேட்டது.