திங்கட்கிழமை வந்த பைபிள் அம்மா

என் பிரசங்கத்தைக் கேட்டுக் கொதித்துப்போய்த்தான் பைபிள் அம்மா என் வீட்டுக்கு வருகிறார் என்று நம்பினேன். போதகர் ஊரில் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் பேசினேன். "ஏவாள் வாயைக் கட்டியிருந்தால் நாமெல்லாம் இன்றைக்கும் ஏதேன் தோட்டத்தில் பலாச்சுளை தின்றுகொண்டிருப்போம்" என்றேன். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பெண்கள் பக்கம் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோட்டாற்றுப் பக்கமெல்லாம் வீடு வீடாக நடந்துபோய்ப் பெண்களுக்கு வேதம் படித்துக்கொடுப்பவர். வெள்ளைச் சேலை, நரைத்த தலை, ஆளைவிடப் பெரிய குடை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண்ணை மூடிக்கொள்வார். உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசியை வாங்கச் சனிக்கிழமைதான் வருவார். அன்றைக்கோ திங்கள். போதகரிடம் சொல்லிவிட்டால் இனி யார் என்னைப் பேச விடுவார்கள்? ஓடிப்போய் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

"மக்கா, அந்தப் பிரசங்கம் ஒனக்கு எங்கேருந்து கிடைச்சு?" கண்ணை மூடிக்கொண்டார்.

"இவதான் சொல்லித்தந்தா!" என்று மனைவியைக் கைகாட்டினேன்.

"நானா? நான் எப்பம் சொன்னேன்?" அகப்பையோடு வந்து நின்றாள் அவள்.

பைபிள் அம்மா கண்ணைத் திறந்தார். "தோட்டத்தில ஆண்டவரு மொதல்ல கூப்பிட்டது ஆதாமத்தான் மக்கா. அவரும் இப்படித்தான் பெண்டாட்டியக் கைகாட்டினாரு."

குடை குலுங்கச் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில், வெட்கமில்லாமல், நானும்.

அவர் என்னைத் தேடி வரவேயில்லை. அடுத்த பெண்கள் கூட்டத்தில் பேச என் மனைவியை அழைக்கத்தான் வந்திருந்தார்.