அக்கா நெற்றியில் ஆற்காட்டு ரூபாய்

எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுவது என் வேலை. விம்கோ நகரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறி, வரிசைகட்டி நிற்கும் லாரிகளுக்கு நடுவே நசுங்கி, மணலிப் பக்கத்து நாற்றத்தை முழுசாக விழுங்கி, நாற்காலியில் போய் உட்காரும்போதே உடம்பு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கும். சாயங்காலமும் அதே ரோடு, அதே லாரி. சலிப்பாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அதுவும் எனக்குச் சலித்துவிட்டது. இந்தப் பிழைப்பில் எனக்கென்று நான் வைத்துக்கொண்ட ஒரே கிறுக்கு, குத்துக்காசு சேர்ப்பது.

குத்துக்காசு என்பது நான் வைத்த பெயர். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளி ரூபாய் கைக்கு வந்தால் வியாபாரி அதை அப்படியே நம்பிவிட மாட்டார். வெள்ளி சுத்தமா, உள்ளே செம்பை வைத்து ஏமாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பார். நல்ல காசு என்று தெரிந்தால், தன்னுடைய அடையாளத்தைச் சின்னதாக அதன் மேல் குத்திவிடுவார். ஒருவர் பூ குத்துவார், ஒருவர் நட்சத்திரம், இன்னொருவர் தன் பெயரின் முதல் எழுத்து. அடுத்துக் கைமாறும் இடத்தில் அந்தக் குறியைப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள், கூடவே தங்கள் குறியையும் குத்துவார்கள். நாணயம் சேர்க்கிற பெரிய மனிதர்களுக்கு இதெல்லாம் அடிபட்ட சரக்கு. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் என்னைப்போன்றவளுக்குக் கட்டுப்படியானது. வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர், உருக்கப் போகிற பழைய வெள்ளியில் இந்த மாதிரிக் காசு வந்தால் எடுத்துவைத்துவிட்டு போன் பண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓடுவேன்.

என்னோடு இருந்த அக்காவுக்கு இது ஆகவே ஆகாது. அவளுடைய புருஷன், கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவளைக் கொண்டுவந்து அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனவன். திரும்பி வரவே இல்லை. அம்மா போன பிறகு நானும் அவளும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையல், தண்ணீர் பிடிப்பது, ரேஷன், என் டிபன் டப்பா எல்லாம் அவள் தலையில்.

"இன்னாடி, இன்னிக்கும் ஒரு ஊனக் காசு எட்த்தாந்துட்டியா? ஊர்ல அவளவ தங்கம் சேக்கறா. நீ இன்னாடான்னா ஓட்டை ஒடிசல சேத்துகினு கீறே."

"உனக்கு இன்னா தெரியும்? போய் சோத்தைப் போடு" என்பேன். சோறு வரும். திட்டும் கூடவே வரும்.

ஒரு ஆயுத பூஜைக்கு அவள் செய்த காரியத்தைச் சொன்னால் காசு சேர்க்கிறவர்களுக்கு மயக்கமே வரும். பழைய வெள்ளியில் படிந்த கறுப்பைத் தொடவே கூடாது. அதுதான் அதன் வயசு. அக்கா என்னடாவென்றால் நான் காசு போட்டுவைக்கும் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, புளியும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் போட்டு, அத்தனை காசையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தாள். பல குறிகள் மழுங்கிப்போயிருந்தன. தலையில் அடித்துக்கொண்டேன்.

"பளபளன்னு கீது. அதுக்குப் போயி இவ மூஞ்சியப் பாரு" என்றாள். அவளோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்குத் தப்பித்தது ஒரே காசு. பாயிடம் காட்டுவதற்காகக் கைப்பையில் வைத்திருந்த, நவாப் காலத்து ஆற்காட்டு ரூபாய். இரண்டு பக்கமும் ஊசி குத்த இடமில்லாமல் குறிகள். பூ, பிறை, ஒரு தெலுங்கு எழுத்து, ஓரமாக ஒரு தமிழ் 'வ'. எத்தனை கடை ஏறி இறங்கியதோ, அத்தனை பேரும் நல்ல காசு என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படி ஒன்று கிடைக்காதா என்று வருஷக்கணக்காக அலைந்திருந்தேன். அதை மட்டும் சிவப்பு நகைப்பெட்டிக்குள் போட்டு பீரோவில் வைத்தேன்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு இழுப்பு அதிகமானது. இந்தக் காற்றில் யாருக்குத்தான் இழுக்காது! ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒரு வாரம் போராடிவிட்டு ஒரு காலையில் மூச்சை நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

குளிப்பாட்டி முடித்ததும் சித்தி குரல் கொடுத்தாள். "நெத்தில வெக்க ஒரு ரூபா காசு குடுங்கடி."

யாரிடமும் இல்லை. வந்திருந்த அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது, சில்லறை இல்லை. பூக்காரியிடம் கேட்டார்கள், எல்லாரும் ஸ்கேன்தான் பண்றாங்க என்றாள். டீக்கடையிலும் அதே கதை. ஒரு ரூபாய்க் காசுக்காகச் சாவு வீடே நின்றுகொண்டிருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டம்மா எங்கள் உள்ளறைக்குப் போய்விட்டு வந்தாள். சந்தனம் குழைத்து அக்கா நெற்றியில் எதையோ அழுத்தினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். என் ஆற்காட்டு ரூபாய்.

 பக்கத்து வீட்டம்மாமேல் கோபப்பட முடியாது. அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள். அவர்கள் வீட்டில் நெற்றிக்காசு வழக்கமே கிடையாது. "ரூபான்னுதானே கேட்டாங்க? நீயும் இத்த ரூபான்னுதானே சொல்லுவே. உன் பீரோல இருக்கறதுலயே இதுதாம்மா பூப்பூவா அழகா இருந்துச்சு" என்றாள். நெற்றிக்காசு குழி வெட்டுகிறவருக்குப் போய்ச் சேரும். அதுதான் வழக்கம். இனி அது எனக்கில்லை.

சித்தி குனிந்து உற்றுப் பார்த்தாள். "அய்ய, ஊனக் காசு! எட்த்துடுங்கடி. அவதான் வாழ்க்கை பூரா ஊனமா வாழ்ந்தா. போறப்பவாவது முழுக் காசா வெச்சி அனுப்புங்க."

கையை நீட்டி எடுத்திருந்தால் போதும். சித்தியே வழி விட்டுவிட்டாள், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். எடுக்கத்தான் எழுந்தேன். ஆனால் அக்காவைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது என் காதிலேயே நின்றது. எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ!

"யாரு சித்தி ஊனமா வாழ்ந்தது? ஊர்ல கீற வியாபாரியெல்லாம் ஒரசிப் பாத்து நல்லதுன்னு சொன்ன காசு அது. அதுதான் இருக்கும். அவ மேல யாரும் கை வெக்கக்கூடாது."

 நான் திரும்ப உட்கார்ந்து, அந்தக் காசைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அக்காவுக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாதி அப்படித்தான்.

அம்மாவைப் புதைத்த மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கே அவளையும் கொண்டுபோனோம். பெண்கள் வரக்கூடாது என்றார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு வேறு யார் போவது என்று வண்டியில் ஏறிவிட்டேன். குழியில் இறக்குவதற்கு முன்னால், குழி வெட்டுகிறவர் நெற்றியிலிருந்து காசைப் பெயர்த்தெடுத்துக் கட்டைவிரலால் சந்தனத்தைத் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, செல்லாத காசு?"

"வெள்ளி. பழைய ரூபா."

"வெள்ளின்னா நீயே வெச்சிக்கோ. சாவுக் காச எட்த்துகினு நான் எந்தக் கடைல போய் நிக்கறது? எனுக்கு போன்ல போட்டு வுடு."

காசை என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் வந்தது. அக்கா தரையில் கிடக்கிறாள், எனக்குச் சந்தோஷம் வருகிறது. சீ என்றாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் சந்தனம் வட்டமாகப் பெயர்ந்து வெறும் தோல் தெரிந்தது. புருஷன் வேண்டாம் என்று கொண்டுவந்து விட்டவள். அவளுக்கென்று வைத்ததும் வேண்டாம் என்று திரும்பி வருவதா?

"கொஞ்சம் இருங்க" என்று மண்டியிட்டு, அவள் வலது கையில் காசை வைத்தேன்.

"மண்ணுல போட்டா இன்னாத்துக்கும்மா ஆவும்?" என்றார் அவர்.

"ஒன்னுத்துக்கும் ஆவாது. அது அவளுது."

விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்க வேண்டியிருந்தது. மடக்கிக்கொண்டே, இதற்கு முன் இந்தக் கையில் நான் என்ன வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு புடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.