புவாலை ஏறிப் பார்க்காத மேல்மடு

புவாலைக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் முதலில் கையைத் தூக்கிவிடுவாள். அப்படி இழுத்துப் போட்டுக்கொண்ட வேலைகள் இரண்டு. ஒன்று, சுகாதாரத் தொண்டர் வேலை: வீடு வீடாகப் போய், கொசுப்புழு சாகத் தண்ணீர்த் தொட்டிகளில் மருந்து மணல் போடுவது. மற்றொன்று, ஊர் ஓடையின் நலம் பார்ப்பது.

குளிர் முடிகிற மாதத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கல்லைப் புரட்டுவாள். அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிக்குஞ்சுகளை வெள்ளைத் தட்டில் கழுவி எண்ணுவாள். சுத்தத் தண்ணீரில் மட்டும் வாழும் பூச்சி என்றால் பத்து மதிப்பெண். சாக்கடையிலும் பிழைக்கும் சிவப்புப் புழு என்றால் இரண்டு. மேல்மடு, பாலத்தடி, கீழ்த்துறை என்று மூன்று இடங்கள். கணக்கைக் கோயில் வாசல் பலகையில் எழுதுவாள். அந்தப் பலகையை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

இந்த வருடம் பாலத்தடியில் ஒன்றுமே இல்லை. எந்தக் கல்லைப் புரட்டினாலும் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. கீழ்த்துறையிலும் அதே கதி. மேல்மடுவுக்கு முக்கால் மணி நேரம் மலை ஏற வேண்டும். முட்டியோ உயிரை எடுக்கிறது. ‘கீழே இந்த லட்சணம் என்றால் மேலே மட்டும் என்ன வாழப்போகிறது?’ என்று மேல்மடுவுக்கும் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மேல்மடுவை ஒட்டி இருப்பது ஒரே தோட்டம், சேங்லாவின் தக்காளித் தோட்டம். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போடுவது அதுதான். மேலேயே பூச்சி இல்லை என்றால் பழி வேறு யார் மேல் விழும்? மறுநாள் காலை ஊர்த்தலைவர் கம்சாயின் குரல் ஒலிபெருக்கியில் வீட்டுக்கு வீடு கேட்டது.

“சேங்லா தோட்டத்து மருந்தால நம்ம ஓடை செத்துப்போச்சு. இன்னியிலேர்ந்து அவ தண்ணிக் குழாய அடைக்கிறோம்!”

சேங்லா நேரே புவாலை வீட்டுக்கு ஓடிவந்தாள். “ஓடைப் பக்கம் நான் மருந்தே அடிக்கிறதில்லக்கா. நீ மேல வந்து பாத்தியா?”

“பாக்காமயா எழுதுவேன்?” என்றாள் புவாலை.

பத்து நாள் கழித்துச் சுகாதார நிலையத்தில் புது மணல் மூட்டை கொடுத்தார்கள். கட்டிதட்டிப்போன பழைய மூட்டையை என்ன செய்தாள் என்று நர்ஸ் கேட்டாள்.

“போன மாசமே பாலத்துக்குக் கொஞ்சம் மேல ஓடையில கொட்டிட்டேன்மா. குடிக்கிற தண்ணியில போடுறதுதானே?”

“ஐயோ அக்கா! கொசுப்புழுவும் பூச்சிக்குஞ்சு, ஓடையில இருக்கிறதும் பூச்சிக்குஞ்சு. மருந்துக்கு ஆள் தெரியுமா?”

புவாலை மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துப் பிடித்து மேல்மடுவுக்கு ஏறினாள். முதல் கல்லிலேயே பதினொரு பூச்சிகள் நெளிந்தன. அத்தனையும் பத்து மதிப்பெண் பூச்சிகள். நிமிர்ந்தால், கரைமேல் சேங்லா காய்ந்த தக்காளிச் செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். அவமானத்தில் புவாலைக்கு உடம்பெல்லாம் கூசியது. கள்ளி, ஏறிப் பார்க்காமல் எழுதியதும் அல்லாமல் முகத்தைப் பார்த்துப் பொய் வேறு சொன்னாளே!

கரையேறிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். “என்ன மன்னிச்சிடு சேங்லா.”

“எங்கிட்ட வந்து காதுல சொல்றியாக்கா? என் பேரு மட்டும் ஊருக்கே கேட்டுச்சே!”

புவாலை நேரே கம்சாயிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். “பதறாத புவாலை. ஓடை தேறிடுச்சுன்னு மொட்டையாச் சொல்லிக் குழாயத் தெறந்துடலாம். உம் பேரு எதுக்கு?” என்றார்.

சரி என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது. ஆனாலும் ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நான் புவாலை பேசுறேன். ஓடையக் கொன்னது என் கை. மேல்மடுவப் பாக்காமலே எழுதினேன். சேங்லா மேல ஒரு தப்பும் இல்ல.”

திரும்பும்போது நூடுல்ஸ் கடையில் பேச்சு பட்டென்று நின்றது. எல்லோரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று மதியமே குழாயைத் திறந்தார்கள். அதற்குள் ஒரு செடிகூட மிச்சமில்லை.

அடுத்த வாரம் மறுபடி எண்ண ஓடையில் இறங்கியபோது, சேங்லா பாலத்தடியில் நின்றிருந்தாள்.

“தட்டக் குடு. பூச்சி பேரை மட்டும் நீ சொல்லு. எண்ணுறது நான்.”

புவாலை தட்டைக் கொடுத்தாள். சேங்லா பத்துக் கற்களைப் புரட்டினாள்.

“பூஜ்யம். எழுதுக்கா.”

புவாலை எழுதினாள்.

“கெளம்பு, மேல்மடுவுக்கு ஏறணும்.”

முட்டி வலிக்க வலிக்கப் புவாலை அவள் பின்னாலேயே ஏறினாள்.